பிளக்கில் சொருகாத ஃப்ரிட்ஜ்

வீடு வீடாகப் போய், யாரிடம் என்னென்ன சொத்து இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை எனக்குக் கொஞ்ச காலம் கிடைத்தது. எந்தப் பக்கம் வசதி ஜாஸ்தி, எந்தப் பக்கம் கம்மி என்று பார்ப்பதற்காம். இதற்குக் கணக்கு வேறு வேண்டுமா என்று முதல் நாளே எரிச்சல் வந்தது. வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம், கையிலிருந்த டேப்லெட்டில் 'உண்டு' என்று அழுத்தி அழுத்தி விரல் ஓய்ந்தது. நெமிலிப் பக்கம் போனால் பெரும்பாலும் 'இல்லை'தான்.

அந்த நெமிலிப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் திகைத்துப்போனேன். சோபா, பெரிய டிவி, ஆளுயர ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜின் ஒயர் மட்டும் பிளக்கில் சொருகாமல் தொங்கியது.

வீட்டுக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வர்றாங்கம்மா. எல்லாம் அக்கம்பக்கத்துல வாங்கி வச்சது. நாளைக்கு வாயேன்."

பெண்ணும் மாப்பிள்ளையும் ராணிப்பேட்டையில் ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஒருவருக்கொருவர் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. "சத்துவாச்சாரிக்காரங்க, பெரிய எடம். இது கெட்டுப்போச்சுன்னா எம்பொண்ணு தாங்க மாட்டா" என்றார்.

நான் நழுவுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் இறங்கி உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கழுத்து அட்டையைப் பார்த்தார். "கணக்கெடுக்கறியா? கேளும்மா, நாங்களும் தெரிஞ்சிக்கறோம்" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பாழாய்ப்போன வேலை! வேறு வழியில்லாமல் கேட்டேன்: "ஃப்ரிட்ஜ் இருக்குதாம்மா?"

அம்மா பதில் சொல்வதற்குள் டீத் தட்டோடு வந்த பெண் முந்திக்கொண்டாள். "அது எங்களுது இல்ல. சோபாவும் இல்ல, டிவியும் இல்ல. இந்த டீ மட்டும்தான் எங்களுது."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அவர் அம்மா அவளையே பார்த்தார். பிறகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அப்போ எங்களையும் எழுதிக்கோ. நாங்க இருக்கறது வாடகை வூடு. வாசல்ல நிக்கற காரு ஹவுஸ் ஓனருது. நாலு மணிக்குள்ள வுட்டுடணும்."

வீடே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்.

"வூட்ல எத்தினி பேரு?"

"மூணு" என்றார் பெண்ணின் அம்மா.

"ரெண்டுன்னு போடு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.