மதிய மணிக்கு மிக்கேல் அண்ணாச்சியின் கை

1. உடைந்த பானை

பழைய துறைமுகத்து ஜெட்டியில் கிரேன் ஓட்டச் சேர்ந்த முதல் வாரமே ஓர் ஆளை நசுக்கியிருப்பேன். இனிமேல் கிரேனில் ஏறப்போகும் தம்பிகளுக்கும், தேவபக்தி வேறு வேலை வேறு என்று நினைக்கும் நம் வாலிபர் சங்கத்தாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு போகும் தோணிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தோம். மூட்டைகளை ஸ்லிங் கயிற்றில் கட்டித் தூக்கி, தோணியின் அடியிலுள்ள சரக்கறையான ஹோல்டுக்குள் இறக்க வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் தோணி தாழ்ந்துவிடும். ஹோல்டுக்குள் நிற்கும் ஆள் கேபினில் இருப்பவனுக்குத் தெரியமாட்டான். அதனால் ஜெட்டியின் விளிம்பில் ஒரு சிக்னல்மேன் நிற்பார். ஆவிசு என்றால் தூக்கு, ஆரியா என்றால் இறக்கு. எஞ்சின் சத்தத்தில் வாய்ச்சொல் எடுபடாது, எல்லாம் கைதான். சுழலும் விரல் ஆவிசு. மேலிருந்து கீழே இறங்கும் கை ஆரியா. மூடிய முட்டி, நில். ஜெட்டியில் எத்தனை பேர் கத்தினாலும் அந்த ஒரு கையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. ஐ.டி.ஐ.யில் இதை நான் தலைகீழாகப் படித்தவன்.

அன்று ஸ்லிங் ஹோல்டுக்கு நேர் மேலே தொங்கியது. உள்ளே காயல்பட்டினத்துக் காசிம் முந்திய மூட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சிக்னல்மேன் மிக்கேல் அண்ணாச்சி முட்டியை மூடி உயர்த்தியிருந்தார். திடீரென்று முட்டி விரிந்தது. கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. ஆரியா. பிரேக்கை விட்டேன்.

அடுத்து அந்தக் கை இடது தோளுக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. பிரேக்கை மிதித்தேன். ஹோல்டுக்குள் ஏதோ நொறுங்கும் சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது.

ஊருக்குள் கோயில் மணி அடித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. கத்தோலிக்கர்கள் மதிய மணிக்குச் சொல்லும் திரிகால செபத்துக்காக அண்ணாச்சி சிலுவை போட்டிருக்கிறார். நான் நாசரேத் ஊர்க்காரன். எங்கள் புராட்டஸ்டண்ட் சபையில் ஜெபமென்றால் கண்ணை மூடிக் கையைக் கூப்புவோம், சிலுவை போடும் வழக்கமில்லை. எனக்கு முன்பு அந்தக் கிரேனை ஓட்டியவர் அண்ணாச்சியின் தெருக்காரர். மணி கேட்டால் அவரும் லிவரை விட்டுவிட்டுச் சிலுவை போடுவார். இரண்டு பேர் கையும் ஒன்றாகவே போனதால் இத்தனை காலம் ஒன்றும் நடக்கவில்லை.

காசிம் மேலே ஏறி வந்தார். அவர் கையில் தண்ணீர்ப் பானையின் கழுத்து மட்டும் இருந்தது.

“வே மிக்கேலு, நீரு சாமி கும்பிட என் தலதான் கெடச்சுதா?”

அண்ணாச்சியின் முகம் உப்பாய் வெளுத்திருந்தது.

2. சாப்பாட்டு நேரம்

போர்மேன் அண்ணாச்சியிடம் சுருக்கமாகச் சொன்னார். “நாளைக்கு மணி அடிக்கும்போது கை அசையக் கூடாது. அசைஞ்சா வேற ஆளப் போடுதேன். நீ மூட்ட சுமக்கப் போ.”

அண்ணாச்சியால் மூட்டை சுமக்க முடியாது. சங்கு குளிக்கப் போன காலத்தில் கயிறு அறுந்து, பார் என்கிற கடலடிப் பாறையில் மோதி, ஒரு தோள் போய்விட்டது. சிக்னல் வேலை போனால் அவர் வீட்டுக்குத்தான் போகவேண்டும். ஆனால் அந்த விபத்தில் உயிர் பிழைத்ததற்குத்தான், மணி கேட்ட இடத்தில் செபம் சொல்வதாக நேர்ந்திருந்தார்.

சாப்பிடும்போது நான் யோசனைகளாக அடுக்கினேன். “இடது கையால போட்டுக்கிடுங்களேன் அண்ணாச்சி.”

“எங்க பங்குச் சாமியாரு பாத்தா மந்திரவாதின்னு சொல்லிருவாரு.”

“அப்ப மனசுக்குள்ள சொல்லிருங்க.”

“ஒங்க நாசரேத்துல எல்லாமே மனசுக்குள்ளதான் கெடக்கும் போல.”

காசிம் சிரித்தார். “எங்களுக்குந்தான் லுஹர் இருக்கு. சரக்க எறக்கிட்டுத் தொழுவோம். அல்லா என்ன, கோவிச்சுக்கிட்டா போயிருவான்?”

“அது ஒங்க முறை,” என்றார் அண்ணாச்சி. “கைல பாதி ஆண்டவருக்கு, பாதி கிரேனுக்குன்னு பங்கு வைக்க எனக்கு வராது.”

இந்தச் சொல் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் நான் பேச வேண்டிய தலைப்பே பிளவுபடாத பக்தி. ஆண்டவர் கூப்பிட்டால் கையில் உள்ளதை அப்படியே போட்டுவிட்டு வருவதுதான் முழு பக்தி என்று வீராவேசமாகத் தயாரித்து வைத்திருந்தேன். என் பிரசங்கப்படி அண்ணாச்சி செய்தது சரி. அப்படியானால் காசிமின் தலை? எங்கேயோ இடித்தது.

“அண்ணாச்சி, மணி அடிக்கும்போது ஆண்டவர் எங்கன நிக்காருன்னு நெனச்சுக் கும்பிடுதீய?”

அவர் கோயில் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. காசிம் தட்டைக் கழுவிவிட்டு மறுபடியும் ஹோல்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

3. மறுநாள்

மறுநாள் மதியம் போர்மேன் கிரேனுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். ஸ்லிங் ஹோல்டுக்கு மேலே தொங்கியது. காற்று ஊர்ப்பக்கமிருந்து வீசியதால் மணி எனக்கே கேட்டது.

முட்டி மூடியபடி மேலேயே நின்றது. அண்ணாச்சியின் உதடு அசைந்தது. கண் ஹோல்டை விட்டு நகரவில்லை. நானும் பிரேக்கில் காலை வைத்து, அவர் முட்டியையே பார்த்தபடி ஜெபித்தேன். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஜெபம் அலையவேயில்லை. கண்ணை மூடினால்தான் என் மனது ஊர் சுற்றும்.

காசிம் ஒதுங்கி நின்று குரல் கொடுத்திருக்க வேண்டும். அண்ணாச்சியின் உள்ளங்கை விரிந்து மெதுவாகக் கீழே இறங்கியது. மூட்டைகள் பூப்போல உட்கார்ந்தன. காசிம் கொக்கியைக் கழற்ற, அதை நான் மேலே தூக்கிய பிறகு, அண்ணாச்சி ஊர்ப்பக்கம் திரும்பி, நெற்றியிலிருந்து தொடங்கி நிதானமாக முழுச் சிலுவை போட்டார். மணி எப்போதோ ஓய்ந்திருந்தது.

நான் எஞ்சினை மட்டுப்படுத்தினேன். போர்மேனுக்கு நிம்மதி, இருந்தாலும் சீண்டினார். “என்னவே, ஆண்டவரக் காக்க வச்சிட்டீரே.”

“காக்க வைக்கல்ல சார். அவரு காசிமு பக்கத்துலதான் நின்னாரு. கண்ண எடுக்காம அவரத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஹோல்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “அப்ப ரெண்டு பேருக்கும் தாகமா இருக்குவே. புதுப் பானை எங்க?”

ஞாயிற்றுக்கிழமை என் பிரசங்கத்தை ஓரமாக வைத்துவிட்டு இதைத்தான் சொன்னேன். ஆண்டவருக்கு என்று தனியாக ஒரு நேரத்தை வெட்டி வைத்து, மீதியை வேலைக்குக் கொடுக்கிறவன்தான் மனதைப் பிளக்கிறான். கையில் இருக்கும் வேலையையும், அதற்குக் கீழே நிற்கும் மனிதனையும் அவர் முன்னால் வைத்துப் பார்க்கிறவனுக்குப் பிளப்பதற்கு ஒன்றுமில்லை. இதைப் பழகலாம் தம்பிகளே. நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாச்சி இன்றும் அதே விளிம்பில்தான் நிற்கிறார். மதியத்தில் சரக்கு அந்தரத்தில் தொங்கும்போது மணி அடித்தால் அந்த முட்டி மூடியே இருக்கும். அதற்குள் ஒரு முழுச் செபம் இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் நான் ஆமென் சொல்கிறேன்.