நிற்காமல் நிறுத்திய கதை

எங்கள் தொழிலில் நட்டு கழன்றால் முடுக்கிவிடலாம். வாய்விட்டுச் சொன்ன உறுதிமொழி கழன்றால் ஸ்பேனர் கிடையாது. பழைய கார் வைத்து அவதிப்படும் தோழர்களே, உங்களுக்கு இது புரியும்.

லஸ் முனையில்

மயிலாப்பூர் மாமா தன் இருபது வயதுக் காரை மேற்கு மாம்பலத்தில் உள்ள என் ஷெட்டுக்கு ஓட்டிவந்தார். லஸ் முனை சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. இன்னொரு முறை நடுரோட்டில் நின்றால் வண்டியை விற்றுவிடுவதாக வெளிநாட்டில் இருக்கும் மகன் சொல்லிவிட்டான். வண்டி போனால், மாமியோடு வெள்ளிதோறும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போவதும் போச்சு.

ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது திராட்டில் சென்சார். காலை எடுத்த பிறகும் அது தப்புக் கணக்குச் சொல்கிறது என்று விளக்கினேன்.

"நான் சொல்றத அது நம்பறதில்லையாக்கும். ஆத்துலயும் அதே கதைதான்" என்றார் மாமா.

காது போதும்

ஆலையில் இருபது வருடம் மெஷின் சத்தம் கேட்ட காது இது. வேலைநிறுத்தம் செய்து அந்த ஆலையையே நிறுத்தியவன் நான். பதிலுக்கு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்டவனிடம் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் தேவராஜ், வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சென்சாரின் பழைய இடத்துக்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, சத்தம் சீராகும்வரை திருப்பி, முடுக்கினேன். "இனி நிற்காது" என்று மாமாவிடம் அறிக்கையும் விட்டேன். மறுநாள் அடையாறு பாலம் ஏறுமுன் வண்டி நின்றது.

"காதுல கேட்டு செட் பண்ண இது இன்னா மைக் செட்டா, தலைவரே?" என்றான் தேவராஜ்.

மூன்று பொட்டு

நல்லவேளை, மகனுக்குச் செய்தி போகவில்லை. மாமாவும் மாமியும் வண்டியை மறுபடி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று பானெட்டைத் திறந்தேன். என் ஒரு புள்ளி இருந்த இடத்தில் சிவப்பாக மூன்று! எது என் புள்ளி என்று தெரியவில்லை. தேவராஜிடம் போய் மீட்டர் கேட்டேன், சிரித்துக்கொண்டே கொடுத்தான். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சாரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். கால் வைக்காதபோது இருக்க வேண்டிய அரை வோல்ட் வந்தது. மெல்ல மிதிக்க, எண் தாவாமல் ஏறியது. முடுக்கிவிட்டு, பொட்டு யார் வேலை என்று கேட்டேன்.

"ஆத்துல இவர் பானெட்டைத் திறந்து காட்டினார். ஒண்ணே ஒண்ணு வெச்சிருந்தேளே, மூளியா இருந்தது. குங்குமத்தைக் குழைச்சு நான்தான் ரெண்டு சேர்த்தேன்" என்றார் மாமி.

கடற்கரை வரை

வெள்ளி மாலை பின் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். பனகல் பார்க், நந்தனம், அடையாறு: ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மாமா காலை எடுத்தார், நான் மூச்சைப் பிடித்தேன், இன்ஜின் முனகிக்கொண்டே இருந்தது. பெசன்ட் நகரில், கடல் தெரிந்த இடத்தில், சட்டென்று அணைந்தது. பதறி எழுந்து தலையை இடித்துக்கொண்டேன். மாமா கையில் சாவியோடு திரும்பினார்.

"வந்தாச்சேய்யா, இன்னும் எதுக்கு ஓடிண்டிருக்கணும்?"

ஓடிய ஆலையை நிறுத்தத் துண்டுப்பிரசுரம் போதுமாயிருந்த எனக்கு, ஒரு கார் நிற்காமலிருக்க மாமியின் குங்குமமும் தேவராஜின் மீட்டரும் தேவைப்பட்டன.