பூட்டிவிட்டு வந்த வீடு

சிட்னி விமான நிலையம், 1994 செப்டம்பர். என்னை அழைத்துப்போக வரவேண்டிய தோழியை இன்னும் காணோம். பக்கத்து நாற்காலியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். பப்புவா நியூகினியின் ரபவுல் ஊரில் கணக்கு டீச்சர். போன வாரம் அங்கே எரிமலை வெடித்திருக்கிறது.

"அந்தத் துறைமுகமே ஒரு பழைய எரிமலையின்ர வாய்தான், தங்கச்சி. கடல் உள்ள வந்து நிரம்பியிருக்கு. ரெண்டு பக்கமும் ரெண்டு மலை. ரெண்டும் ஒரே நாளில வெடிச்சது."

"ரொம்பப் பயந்துட்டீங்களாக்கா?"

"முதல் நாளே நிலம் ஆடத் தொடங்கிட்டுது. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழில வெடிச்ச கதை அங்க எல்லாருக்கும் தெரியும். ஊரே எழும்பி நடந்தது. யாழ்ப்பாணத்தில விழுற ஷெல் குண்டு இப்பிடிச் சொல்லிப்போட்டு வாறேல்லையே."

கூரையில் விழும் சாம்பலைத் தள்ளிவிட்டு வருகிறேன் என்று கணவர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாராம். இன்றைய விமானத்தில் வருகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அக்கா பாதி எழுந்து மறுபடி உட்காருகிறார்.

இந்த முறை உட்காரவில்லை. ஒல்லியான மனிதர் ஒருவர் வெறுங்கையோடு வருகிறார். காது மடல்கூடச் சாம்பல் நிறம்.

"வீடு?" என்கிறார் அக்கா.

"மழையில சாம்பல் ஊறிப் பாரமாகி, கூரை அப்பிடியே விழுந்திட்டுது." சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டுகிறார். "ஆனா கதவைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்."

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கிறார். சட்டையிலிருந்து சாம்பல் பறக்கிறது. கூடமே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரிக்கிறார்கள். நான் தும்மித் தும்மிச் சிரிக்கிறேன்.