விண்விண்ணுக்கு இங்கிலீஷ்

"உங்களுக்கு முதுகு வலிக்குமா? த்ராபிங்கா, டல்லா?"

சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் திருதிருவென்று விழிக்கிறார். தையல்காரம்மா தோள் அளவை எடுத்துக்கொண்டே விடாமல் கேட்கிறார். பல்லிடுக்கில் இரண்டு குண்டூசி. அந்த வாயை வைத்துக்கொண்டு, உயிர் போகிற வலிக்கான 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்'கைச் சொல்லிப் பழக ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அம்மாவுக்கு அது நிறையவே உண்டு.

எல்லாம் வீட்டுக்காரருக்காக. டாக்ஸி ஓட்டி ஓட்டி முதுகைத் தொலைத்த மனுஷர். பேச்சோ, காசு கொடுத்தாலும் வராது. அவரைப் பார்க்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. முதல்முறை போனபோது தையல்காரம்மா "பெயின், பெயின்" என்று மட்டும் சொல்ல, ஏதோ ஒரு வலி மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். "என் வாயில வார்த்தை இல்லாததுக்கு அவரு ஏன் படணும்?" என்று அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதலில் அவரிடமிருந்து தமிழைக் கறக்க வேண்டியிருந்தது.

"குத்துதா, குடையுதா, விண்விண்ணுனு தெறிக்குதா? சொல்லுங்களேன்!"

"வலிக்குது."

"சரி சாமி, வாயத் தொறக்கவே வேணாம். என் கையில செஞ்சு காட்டுங்க."

அவர் அம்மாவின் கையில் விரல் நுனியால் விட்டுவிட்டுத் தட்டினார். பிறகு கட்டைவிரலை அழுத்தி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சரேலென்று இழுத்தார். அடேயப்பா, இத்தனையையும் வைத்துக்கொண்டா இந்த மனுஷர் வாயை மூடிக் கிடந்தார்!

அந்தத் தட்டலும் இழுப்பும் மறுநாளே மருந்துக்கடைக்குப் போயின. அங்கே வேலை செய்யும் பெண்ணின் கையில் அப்படியே செய்து காட்டி, "இதுக்கு இங்கிலீஷ்ல என்னம்மா?" என்றார். தட்டினால் த்ராபிங். இழுத்தால் ஷூட்டிங். "ஷூட்டிங்னா சினிமா எடுக்கறதுனுல்ல நெனச்சேன்!" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், அன்றிலிருந்து தன் தையல்கடைக்கு வருகிற ஒருவரையும் விடுவதில்லை. தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? "சிரிக்கட்டுமே. சிரிச்சவங்க திருத்தவும் செய்வாங்கல்ல?"

அடுத்த முறை டாக்டர் முன்னால், கணவரின் இடுப்பில் விரலை வைத்துக் குதிகால் வரை கோடு இழுத்தார். ஷூட்டிங், அப்புறம் பர்னிங், படுத்தால் எக்ஸ்க்ரூஷியேட்டிங் என்று மூச்சு விடாமல் அடுக்கினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மனுஷரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். நரம்புக் கோளாறு என்று தெரிந்தது. வைத்தியமும் மாறியது.

போன வாரம் மறுபடி போனார்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். தையல்காரம்மா வழக்கம்போலக் கணவரிடம் கையை நீட்டினார். அவர் தட்டவில்லை, இழுக்கவுமில்லை. உள்ளங்கையை அந்தக் கையின்மேல் மெல்ல வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார். தையல்காரம்மா தன் மறு கையை எடுத்துக் கணவரின் கைமேல் வைத்துக்கொண்டார்.