சாமி குடிவந்த சமையலறை

மலேசியாவின் கிள்ளானில் எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கக் காலியிடத்தில் கூரை போட்டு இழுத்துக் கட்டிய சமையலறைதான் எனக்குச் சொர்க்கம். நண்டு, கருவாடு, சம்பால் எல்லாம் அங்கேதான். உள்ளே இருக்கும் பழைய சமையலறையில் மிளகாய் தாளித்தால் வீடே இருமும்.

வீட்டு வரியை மறுபடி மதிப்பிட ஆள் வரப்போகிறார் என்று தெரிந்ததும், பின்பக்கச் சமையலறையைக் கண்டால் வரி ஏறுமே என்று என் கணவருக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமங்களில் வீட்டில் எத்தனை அடுப்போ அதற்கேற்ற வரியாம். ஜனங்கள் அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நின்றார்களாம்.

“வெள்ளைக்காரனே அடுப்ப மறைச்சிருக்கான். நமக்கென்ன?” என்றார்.

மனிதர் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர். மூளைக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள் போல. நான் சொன்னால் எடுபடுமா?

அடுப்பும் கேஸ் தோங் சிலிண்டரும் காரின் பின்பக்கத்துக்குப் போயின. சுவரில் பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள் ஏறின. அதுவும் போதாதென்று விளக்கேற்றி, சூடம் காட்டி, பூசணிக்காய் வேறு உடைத்தார்.

வந்த அதிகாரி நம் தமிழ்ப் பிள்ளைதான். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, சாவகாசமாக அளக்க ஆரம்பித்தார்.

“தம்பி, இது சாமி ரூம்லா,” என்றார் கணவர்.

“சாமி ரூமும் ரூம்தான் அங்கிள். உள்ள அடுப்பு இருக்கா, சாமி இருக்கான்னு நாங்க பாக்கறதில்ல. கட்டடத்ததான் பாப்போம்.”

விபூதி பூசிக்கொண்டு போய்விட்டார். வரி ஏறினால் ஏறட்டும் என்று நான் அடுப்பைத் தூக்கிவரப் போனேன். கணவர் குறுக்கே வந்து நின்றார்.

“சூடம் காட்டின எடம். அங்க போயி நண்டு சமைப்பியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிக்காரரை ஏமாற்ற மாட்டிய சாமிமீது இப்போதுதான் பக்தி பொங்குகிறதாம்! அந்தச் சமையலறைக்காக வருஷக்கணக்கில் சண்டை போட்டவள் நான். ஆத்திரத்தில் அழுதேவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாசாரிலிருந்து உயிர் நண்டு வாங்கிவந்து நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

“எந்த அடுப்புல?”

“உள்ள இருக்குல்ல, அதுல.”

“அதுல சோறு வடிப்பேன், அவ்வளவுதான். நண்டு வேணும்னா உங்க சாமிகிட்ட போய்க் கேளுங்க. அவரு எடத்த விட்டா நான் சமைக்கிறேன்.”

நண்டு புரளும் பையைக் கீழே வைத்தார். பிறகு பின்பக்கம் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளையாரை ஆணியிலிருந்து கழற்றினார்.