துப்பாண்டிக்குத் தெரிந்த முகம்

அந்த மீனுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் எண் இருந்தது. ஆனால் எல்லோரும் அதைத் துப்பாண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளங்கையளவு உடம்பு, வெள்ளி நிறம், முதுகில் கறுப்புத் திட்டுகள். நீருக்கு மேலே இலையில் பூச்சி உட்கார்ந்திருந்தால், கீழேயிருந்து வாயைக் குவித்து நீரைப் பீய்ச்சி, அதை வீழ்த்தித் தின்னும் சாதி. அதுவே பெரிய வித்தை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. மனித முகங்களை அது அடையாளம் காணும். தொட்டிக்கு மேலே தொங்கும் திரையில் இரண்டு முகங்களைக் காட்டினால், தனக்குப் பழகிய முகத்தின்மேல்தான் துப்பும். சரியாகத் துப்பினால் ஓர் உருண்டைத் தீனி.

பழகிய அந்த முகம் தொட்டிக்காரருடையது.

அவர் முகம் அங்கே ஏறியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பம்பு பழுதுபார்க்கும் கடையில் இருந்தவர். தொட்டியின் மோட்டார் நின்றுபோனபோது சரிசெய்ய வந்தார். அது மறுபடி நின்றபோது மறுபடி வந்தார். பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நீரில் உப்பு கலப்பது, வடிகட்டியைக் கழுவுவது, கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது. ஒருநாள் ஆராய்ச்சி மேடத்துக்கு அவசரமாக ஒரு முகம் தேவைப்பட்டது. இவர் கையில் வாளியோடு நின்றிருந்தார். படம் எடுத்து, முடியையும் காதையும் நீக்கிவிட்டு, முட்டை வடிவத்தில் முகத்தை மட்டும் திரையில் போட்டார்கள். துப்பாண்டி துப்பிய தண்ணீரைத் தன் முகத்தின் மேலிருந்து தானே துடைப்பதும் அன்றுமுதல் அவர் வேலையானது.

"தினமும் மூஞ்சில துப்பு வாங்கிட்டுச் சம்பளமும் வாங்குற ஆளு உலகத்துலயே நீ ஒருத்தன்தான் மாப்ளே," என்பார் வாசல் காவலாளி.

"உன் மூஞ்சியையும்தான் வெச்சுப் பாத்தாங்க. மீன் மயங்கி விழுந்துருச்சு," என்பார் தொட்டிக்காரர்.

அவர் வாய்விட்டுச் சிரிக்கும் இடம் அது ஒன்றுதான். வீடு, டயர் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். மனைவி செவிலியர். வேறு நாட்டில் நல்ல வேலை கிடைத்து, தவழ்ந்துகொண்டிருந்த மகளையும் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவியின் அக்கா அங்கேயே இருந்தாள். இவர் அங்கே போவதற்கான அனுமதி மட்டும் இன்று வரும், நாளை வரும் என்று இழுத்துக்கொண்டே போனது. குழந்தையின் நடைவண்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெருக்கும்போது அதை வெளியே இழுத்து, பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் தள்ளுவார். சோறு வடித்த பாத்திரத்திலேயே சாப்பிடுவார். தட்டு எதற்கு, கழுவத்தானே என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொள்வார்.

மகள் இப்போது மழலை பேசினாள். தன்னைத் தூக்கி வைத்திருந்த அப்பா அவளுக்கு நினைவில்லை. அவள் அறிந்த அப்பா, போனில் தெரியும் ஒரு முகம். திரையைத் துடைக்கும்போதெல்லாம் தொட்டிக்காரருக்கு அது உறைக்கும்.

ஒரு காலையில் அவர் குடித்த தேநீர் கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தார். முகத்தின் இடப்பாதி சரிந்து தொங்கியது. புருவத்தை உயர்த்தினால் ஒன்றுதான் ஏறியது. இடக்கண் மூட மறுத்தது.

"முகத்து நரம்பு வீங்கியிருக்கு," என்றார் மருத்துவர். "பெரும்பாலும் சரியாயிடும். சிலருக்குக் கொஞ்சம் கோணல் தங்கிடும். பொறுமையா இருக்கணும்."

காவலாளி முதல் நாள் திகைத்துப்போனார். மறுநாள் தேறிவிட்டார். "என்ன மாப்ளே, பாதி மூஞ்சிக்கு லீவு போட்டுட்டியா?"

தொட்டிக்காரர் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம்தான் போயிற்று. காவலாளி சட்டென்று குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார்.

அன்று முதல் வீட்டுக்குப் பேசும்போது கேமராவை அணைத்து வைத்தார். கேமரா கெட்டுப்போச்சு என்றார். பேச்சுக் குழறலுக்குப் பல்வலி என்றார்.

"அப்பா இல்ல. கறுப்பு," என்றது மகளின் குரல்.

"இருக்கேன்டா செல்லம். அப்பாதான் பேசறேன்."

"கறுப்பு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நாட்கள் போயின. முகம் இம்மியும் அசையவில்லை. மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, அந்த ஊர்ல போன் ரிப்பேர் பண்ண ஆளே இல்லையா? என்னத்த மறைக்கிறீங்க? மீசையை எடுத்துட்டீங்களா?"

"ஆமா, ரெண்டாம் கல்யாணத்துக்கு."

"விளையாடாதீங்க. இப்பல்லாம் அப்பா பேசறாருன்னு கூப்பிட்டா அவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறா."

இந்த முகத்தைக் காட்டினால் பயந்துவிடுவாளோ என்று ஒரு பக்கம். காட்டாமலே விட்டால் மறந்துவிடுவாளோ என்று இன்னொரு பக்கம். பிடி கொடுக்காமல் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றார். "மேடம், என்னை இன்னொரு படம் எடுங்க. இப்ப இருக்கற மாதிரியே."

"எதுக்கு அண்ணா?"

"துப்பாண்டி கண்டுபிடிக்கிறானான்னு பாக்கணும்."

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவரைவிட இளையவள், வேலையில் கறாரானவள். "பாக்கலாம். ஆனா மீன் தப்பாத் துப்புச்சுன்னா அதை மனசுல போட்டுக்கக் கூடாது."

"சேச்சே. மீன்தானே மேடம்."

சொன்னாரே தவிர, ஏற்கெனவே துடைத்த திரையை இன்னொருமுறை துடைத்து வைத்தார். மீன் கண்டுகொண்டால் மகளும் கண்டுகொள்வாள் என்று அவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். யாரிடமும் சொல்லக்கூடிய முடிச்சு இல்லை அது.

முதலில் பழைய படத்தையும் யாரோ ஒருவர் படத்தையும் காட்டினார்கள். துப்பாண்டி யோசிக்கவே இல்லை. பளிச்சென்று தொட்டிக்காரரின் பழைய மூக்கில் அடித்தது. பிறகு பழைய படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதிய படத்தைப் போட்டார்கள். மீன் மேலே வந்தது. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தது, அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தது. பின் அந்நியன் நெற்றியில் துப்பியது. படங்களை இடம் மாற்றிப் போட்டார்கள். ஒருமுறை இவர்மேல், அடுத்தமுறை அந்நியன்மேல், பிறகும் அந்நியன்மேல். கண்ணை மூடிக்கொண்டு கல் எறிகிற மாதிரி இருந்தது.

தொட்டிக்காரர் துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். அந்நியன் முகத்தில்தான் அதிக ஈரம்.

"அவனுக்கு என்னைத் தெரியல மேடம்."

"அண்ணா, அவனுக்கு உங்களை எப்பவுமே தெரியாது. அந்தப் படத்தைத்தான் தெரியும். அதையும் பிறக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டா வந்தான்? நீங்களும் நானும் காட்டிக் காட்டிக் கத்துக்கிட்டான். மொதல்ல எப்படி உத்தரத்துலயும் சுவத்துலயும் துப்பினான், மறந்துட்டீங்களா?"

அவர் மறக்கவில்லை. சுவரைத் துடைத்தது அவர்தான்.

"இதையும் கத்துக்குவானா?"

"காட்டினா கத்துக்கலாம். காட்டாம எப்படிக் கத்துக்குவான்?"

மேடம் மீனைப் பற்றித்தான் சொன்னாள். தொட்டிக்காரர் கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

மதியம் பின்பக்கம் உப்பு மூட்டைகள் அடுக்கிய அறைக்குப் போய், ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கேமராவைத் திறந்தபடி மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி பார்த்தாள். அடுத்த கணம் செவிலியராகிவிட்டாள். "ரெண்டு கையையும் தூக்குங்க. நெத்தியைச் சுருக்குங்க. கண்ணை மூடுங்க. மூடலையா? மருந்து விடறீங்களா? ராத்திரி கண்ணைக் கட்டிட்டுப் படுக்கறீங்களா?" எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிறகுதான் அவள் குரல் உடைந்தது. "இதுக்குப் பேரு பல்வலியா? மனுஷனா நீங்க?"

"திட்டறதை அப்புறம் திட்டு. பாப்பாவைக் கூப்பிடு."

மகள் வந்தாள். திரையைப் பார்த்தாள். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பாதான்டா செல்லம்," என்றார் அவர், கோணிய வாயால்.

"இது வேணாம்," என்றாள் அவள் தோளுக்குள்ளிருந்தே. "அந்த அப்பா வேணும்."

"வெச்சிடட்டுமாங்க? அழுதுடுவா," என்றாள் மனைவி.

"வேணாம், வெச்சிடாதே. போனைக் கீழே எங்கயாவது போட்டுட்டு நீ போய் உன் வேலையைப் பாரு. நான் இப்படியே இருக்கேன்."

மனைவி போனைத் தரையில் மல்லாத்தி வைத்துவிட்டுப் போனாள். அவர் இதுவரை பார்த்தே இராத அந்த வீட்டின் கூரை தெரிந்தது. மூலையில் ஈரக்கறை. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. எங்கோ மரக்கட்டைகளை அடுக்கும் சத்தம், அவை சரியும் சத்தம், மகள் தனக்குள் ஏதோ பாடும் சத்தம். தொட்டிக்காரர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, ஒழுகும் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டைகள் மறுபடி சரிந்தன. பாட்டு நின்றது. திரையின் ஓரத்தில் முதலில் கொஞ்சம் முடி தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு தலைகீழாக இரண்டு கண்கள். அவர் சிரிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு முகத்தை அப்படியே காட்டினார்.

கண்கள் ஒருமுறை இமைத்தன. பிறகு மறைந்துவிட்டன. மின்விசிறி சுற்றியது.

மதிய நேரம் முடிந்து, மோட்டாரைப் போடச் சொல்லி மேடம் குரல் கொடுத்தாள். "இதோ மேடம், அஞ்சு நிமிஷம்," என்றார் அவர், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.