கரையில் நடக்கப் பழகுதல்

மாநகராட்சியில் வாய்க்கால் தூர்வாரும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருஷம், என் மனைவியை டாக்டர் நிறைய நடக்கச் சொன்னார். மட்டாஞ்சேரித் தெருக்களில் ஸ்கூட்டர்களுக்குப் பயந்து அவளால் நடக்க முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் தெற்கே போய், வயல்களுக்கு நடுவே ஓடும் ஒரு வாய்க்காலின் கரையில் நடப்போம். ஒரு பக்கம் உப்புத் தண்ணீரிலும் விளையும் பொக்காளி நெல், மறு பக்கம் தென்னைகளும் வீடுகளும்.

இத்தனை வருஷமும் வாய்க்காலை உள்ளே நின்றுதான் பார்த்திருக்கிறேன். கரையில் நடந்தாலும் என் கண் அடைப்பைத்தான் தேடும். ஒரு நாள் சிறிய பாலமொன்றின் அடியில் ஆகாயத்தாமரை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. வேலியோரம் கிடந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, குத்தி இழுக்கத் தொடங்கினேன்.

"இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றாள் மனைவி.

சத்தம் கேட்டுப் பாலத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வந்தார். "பஞ்சாயத்துலேர்ந்தா? எத்தனை தடவை பராதி குடுத்தேன்!" என்று கோபப்பட்டார்.

"இல்ல சேட்டா, நாங்க சும்மா நடக்க வந்தவங்க."

முழங்கால்வரை சேறாக நின்ற என்னை அவர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார். அரை மணி நேரத்தில் தண்ணீர் ஓடியது. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாயா குடித்தோம்.

திரும்பும்போது மனைவி, "பாலத்துக் கம்பியில மீன்கொத்தி ஒண்ணு உங்களையே பாத்துக்கிட்டிருந்துச்சு," என்றாள். நான் கவனிக்கவே இல்லை. அடுத்த ஞாயிறு தண்ணீரைப் பார்க்காமல் நடப்பதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை.